ஏழு மில்லிமீட்டரும் தொண்ணூறு ஆடுகளும்

வருகிற பங்குனியில் எனக்கு 60 வயது நிறைகிறது. விருப்ப ஓய்வு பெறாமல் இருந்திருந்தால் இந்த மார்ச் 31 அன்றுதான் அலுவலகத்தில் எனக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, வேன் வைத்து வீடுவரை கொண்டுவந்து விட்டிருப்பார்கள். ஆக, ஆறு ஆண்டுகளும் இரண்டு மாதங்களுமாக நான் அனுபவித்துவந்த முன்கூட்டிய ஓய்வு இத்துடன் முடிகிறது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எல்லாரையும் போல நானும் வயதுக்கேற்ற ஓய்வூதியன்தான். அந்த ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டை, என் வலது நுரையீரலில் இருந்த ஏழு மில்லிமீட்டர் புள்ளி ஒன்று எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டது என்று சொல்வது சரிதானா என்பதில் எனக்கே ஐயம் இருப்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் 1987இல் தொலைத்தொடர்புத் துறையில் சேர்ந்தேன். 2000 அக்டோபர் 1 அன்று துறையின் பணிகள் பி.எஸ்.என்.எல். என்ற நிறுவனத்திடம் போனபோது என்னைப் போன்றவர்களும் கூடவே போனோம். கும்பகோணத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் விட்டு நான் அதிகம் வெளியே போனதில்லை. எக்ஸ்சேஞ்சுக்குள் உட்கார்ந்து பார்த்த வேலை கொஞ்சம். வெளியே கேபிளோடு மல்லுக்கட்டியதுதான் பெரும்பகுதி. தரைக்கடியில் ஓடும் கேபிளில் பழுது எந்த இடத்தில் என்று மேலேயிருந்தே அளந்து கண்டுபிடித்து, அந்த இடத்தில் மட்டும் குழி வெட்டி, ஜாயின்டரை உள்ளே உட்காரவைத்து, நூற்றுக்கணக்கான ஜோடிகளை ஒவ்வொன்றாக இணைத்து மூடி முடிப்பதற்குள் சில சமயம் மறுநாள் விடிந்துவிடும். பழைய காகித உறைக் கேபிள்களில் சிறிது நீர் இறங்கினாலும் தெருத் தெருவாகத் தொலைபேசிகள் ஊமையாகும். பின்னால் வந்த ஜெல்லி கேபிள்கள் அந்தத் துன்பத்தைப் பெரிதும் குறைத்தன என்றாலும், ஐப்பசி பிறந்துவிட்டால் எங்களுக்கு அடிவயிற்றில் ஒரு கலக்கம் இருந்துகொண்டே இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது உதவிக்கென்று தெற்கே போன எங்கள் குழு வீடு திரும்ப மூன்று வாரமாயிற்று.

2019 அக்டோபரில் மத்திய அமைச்சரவை நிறுவனத்தின் மறுசீரமைப்புக்கு ஒப்புதல் தந்தது. 50 வயது நிறைந்தவர்கள் நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை விருப்ப ஓய்வுக்கு எழுதிக்கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. பணியில் கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 நாள் சம்பளம், மீதமுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம், அதற்கொரு உச்சவரம்பு, ஓய்வூதியம் உடனே, ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மொத்தமாகப் பெறும் கம்யூட்டேஷன் மட்டும் 60 வயதுக்குப் பிறகு. அந்த ஒரு மாதமும் எங்கள் டீக்கடையில் பேப்பரின் ஓரங்களெல்லாம் கணக்காகவே இருந்தன. "சீக்கிரம் போய்ச் சேருகிறவனுக்கு இந்தத் திட்டம் லாபம் அண்ணே, நீண்ட நாள் இருக்கப்போகிறவன்தான் யோசிக்கணும்" என்று ஒரு தம்பி சொன்னபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நாடு முழுவதும் 78,000 பேருக்கு மேல் எழுதிக்கொடுத்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று மாலை அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தோம். அன்றைக்கு எங்கள் கடைத்தெருவில் ரோஜா மாலை கிடைப்பது அரிதாக இருந்தது.

ஓய்வின் முதல் சுவை எனக்குப் பிப்ரவரியில் தெரியவில்லை. மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து ஊரே வீட்டில் உட்கார்ந்துவிட்டதால் நான் மட்டும் சும்மா இருக்கிறேன் என்ற பெருமையும் போயிற்று. அது எனக்கு உறைத்தது நவம்பர் மாதத்தில்தான். நிவர் புயல் 25ஆம் தேதி இரவு புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. அதன் பின்னாலேயே வந்த புரெவி எங்கள் மாவட்டங்களை நாள்கணக்கில் ஊறவைத்தது. ஓட்டுச் சார்ப்பில் மழை விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டு நள்ளிரவில் கண் விழித்துக் கிடந்தேன். தெருவோரக் கேபிள் பெட்டியான எந்த பில்லரில் தண்ணீர் ஏறியிருக்கும், கம்பத்து இணைப்புப் பெட்டியான எந்த டி.பி.யில் மரம் விழுந்திருக்கும் என்று மனம் பழக்கத்தால் ஒரு சுற்றுப் போய்விட்டு, இனி அது உன் வேலையில்லை என்ற நினைவு வந்ததும் திரும்பிவந்து போர்வைக்குள் படுத்துக்கொண்டது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் மழைக்கு அஞ்சாமல் நான் கேட்ட முதல் மழை அது. விருப்ப ஓய்வுத் தொகை முழுவதற்கும் அந்த ஓர் இரவே ஈடாகிவிட்டது என்று மறுநாள் மனைவியிடம் சொன்னேன். "அப்படியானால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டாள்.

இரண்டாவது சுவை கல்வெட்டு. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். 2020 செப்டம்பரில் கோயில்கள் திறந்த பிறகு ஒருநாள் காலையில் நாகேஸ்வரன் கோயிலைச் சுற்றிவரும்போது, வழக்கமாக நான் முதுகைச் சாய்த்து உட்காரும் சுவரை அவர் கண்ணருகே கைவிளக்கைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து பார்த்துவரும் சுவர். அதில் எழுத்து இருப்பது தெரியும், அது படிக்கக்கூடியது என்பது தெரியாது. சோழர்காலத் தமிழெழுத்தில் மெய்யெழுத்தின் மேல் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். முதலில் வரும் 'ஸ்வஸ்திஸ்ரீ' மட்டும் கிரந்தத்தில். அதைத் தாண்டி 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்று எழுத்துக்கூட்டிப் படித்து, மதுரையை வென்ற அந்தச் சோழ மன்னன்தான் முதலாம் பராந்தகன் என்று ஆசிரியர் சொல்ல, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ உளி பிடித்து வெட்டிய வரியை நான் வாய்விட்டுப் படித்த அந்தக் காலையில், ஐந்தாம் வகுப்பில் முதல் முறையாகச் செய்தித்தாள் படித்த மகிழ்ச்சி திரும்ப வந்தது. அதன் பிறகு வாரத்தில் நான்கு நாள் சைக்கிளில் கிளம்பிவிடுவேன். தாராசுரம், திருவலஞ்சுழி, திருப்புறம்பியம், திருவிடைமருதூர். எங்கள் பக்கத்தில் எந்தத் திசையில் மிதித்தாலும் அரை மணியில் ஒரு சோழர் கோயில் வந்துவிடும் என்பது எங்கள் ஊர்க்காரர்கள் மறந்தே போய்விட்ட சொத்து.

படித்தவற்றில் பெரும்பாலானவை விளக்குக் கணக்கு. கோயிலில் நொந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, ஒன்று எரிய ஒருவர் 90 ஆடுகளைக் கொடுப்பார். இடையர்கள் அவற்றை ஏற்றுக்கொண்டு நிசதம், அதாவது நாள்தோறும், உழக்கு நெய் அளக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் அந்தக் கணக்கு 96 ஆடு. உழக்கு என்பது நாழியில் கால். அந்த ஆடுகளைக் கல்வெட்டு 'சாவா மூவாப் பேராடு' என்று சொல்லும். முதலில் படித்தபோது மந்திர ஆடுகளோ என்று சிரித்தேன். ஆசிரியர் விளக்கினார்: ஆடு சாகும், கிழடாகும், ஆனால் குட்டி போடுவதால் மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் வைத்துக்கொள்வது இடையரின் பொறுப்பு, ஆகவே கணக்கில் அவை சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. 'சந்திராதித்தவல்', அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, என்று முடியும். அன்றைக்கு அது எனக்கு ஒரு நல்ல கணக்கு வழக்காக மட்டுமே பட்டது.

2021 ஏப்ரல் 26 முதல் கோயில்கள் மறுபடி மூடப்பட்டன. மே இரண்டாம் வாரம் எனக்குக் காய்ச்சல். பரிசோதனையில் கொரோனா என்று வந்தது. அந்த மாதம் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் சி.டி. எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள், எனக்கும் எடுத்தார்கள். தொற்று நுரையீரலைப் பெரிதாகப் பாதிக்கவில்லை, மதிப்பெண் 25க்கு 5. பரீட்சையில் இவ்வளவு குறைந்த மதிப்பெண் வாங்கி இவ்வளவு மகிழ்ந்ததில்லை. பத்து நாளில் எழுந்து நடமாடினேன். அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் கடைசிக்கு முந்தைய வரியில் இருந்ததை ஜூன் மாதம், கோப்பில் சொருகும்போதுதான் என் மகள் பார்த்தாள்: வலது மேல் மடலில் 7 மி.மீ. அளவில் திடமான நாட்யூல் (சிறு கட்டி), தொடர் கண்காணிப்பு தேவை.

தஞ்சாவூரில் நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் போனோம். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். நிதானமானவர். புகைப்பழக்கம் உண்டா என்று முதலில் கேட்டார். 1999இல் விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டு பிடித்ததையும், இரவுப் பணியில் அது ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டைத் தொட்டதையும் மனைவி முன்னால் முதல் முறையாக உண்மையாகச் சொன்னேன். நுரையீரலில் இப்படிப் புள்ளிகள் தெரிவது அரிதல்ல என்றும், நம் நாட்டில் பல, எப்போதோ வந்து தானே ஆறிப்போன காசநோயின் தழும்புகள் என்றும், ஆனால் முன்னாள் புகைபிடிப்பவரின் மேல் மடலில் சுண்ணம் படியாத ஒரு புள்ளி இருந்தால் அதைத் தழும்பு என்று எழுதி மூடிவிட முடியாது என்றும் விளக்கினார். "அப்படியென்றால் ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிடுங்களேன் டாக்டர்" என்றேன். இந்த அளவில் ஊசிக்கு அது அகப்படுவது கடினம், நுரையீரலில் காற்றுக் கசிந்து வேறு சிக்கல் வரலாம் என்றார். கட்டி ஒளிர்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேன் எட்டு மில்லிமீட்டருக்குக் கீழே நம்பத்தக்கதல்ல. போதாக்குறைக்குக் காசநோய்த் தழும்பும் அதில் ஒளிர்ந்து ஏமாற்றும். "ஆறு மாதம் கழித்து மறுபடி எடுப்போம் ஐயா. வளர்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு அதுவேதான் பதில் சொல்ல வேண்டும்."

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் பழைய இன்ஸ்பெக்டரின் நினைவு வந்தது. இடம் உறுதியாகாமல் மண்வெட்டியைத் தொடாதே என்பார். ஐயத்தின் பேரில் வெட்டிய குழியில் நல்ல ஜாயின்ட்டும் கெடும். இருபது ஆண்டுகள் அந்தப் பாடத்தைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் மார்பில் என்று வந்தபோது, வெட்டிப் பார்த்துவிட்டால் தேவலை என்றுதான் தோன்றிற்று. தொலைபேசி ஊமையாகி மூன்று நாளாகிவிட்டது, நீங்கள் அளந்துகொண்டே நிற்கிறீர்களே என்று என்னைத் திட்டிய சந்தாதாரர்கள் எத்தனை பேர்! அவர்களிடமெல்லாம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஊரில் செய்தி பரவாமல் இருக்குமா? உறவினர்களும் நண்பர்களும் இரு கட்சியானார்கள். நல்லவேளை முன்னாலேயே ஓய்வு வாங்கிவிட்டாய், இருக்கும் நாளையாவது அனுபவிக்கலாம் என்றது ஒரு கட்சி. உழைத்த உடம்பைச் சும்மா வைத்தால் இப்படித்தான், வேலையில் இருந்திருந்தால் ஒன்றும் வந்திருக்காது என்றது மற்றொரு கட்சி. இரண்டுமே என்னைப் பற்றி அல்லாமல் அவரவர் ஓய்வைப் பற்றிப் பேசிய பேச்சு என்று இப்போது புரிகிறது. அப்போது இரண்டின் மேலும் கடுங்கோபம் வந்தது. டீக்கடைத் தம்பி மட்டும் வாசலில் வந்து நின்று, "அண்ணே, அன்றைக்கு நான் ஏதோ விளையாட்டாக..." என்று இழுத்தார். லாபக் கணக்கு இன்னும் முடியவில்லை, பொறு என்று அவரை உள்ளே அழைத்துக் காபி கொடுத்தேன்.

இனி நான் வெட்கத்தோடு எழுத வேண்டிய பகுதி. ஜூலை 5 அன்று கோயில்கள் திறந்தன. அடுத்த ஸ்கேன் நவம்பரில். இடையில் நாலே மாதம். ஒரு நோட்டை எடுத்து, பார்க்க வேண்டிய கோயில்களைத் தூரவாரியாக எழுதினேன், 42 வந்தது. வாரத்துக்கு மூன்று என்று வகுத்தேன். மகன் பழைய ஸ்கூட்டரைச் செப்பனிட்டுத் தந்ததால் சைக்கிளுக்கு ஓய்வு. திருநாகேஸ்வரம், கோனேரிராஜபுரம், பழையாறை என்று ஓடினேன். போய் இறங்குவேன், சுவர் முழுவதையும் கைபேசியில் படமெடுப்பேன், நோட்டில் குறியிடுவேன், அடுத்த ஊர். ஒருநாள் திருபுவனத்தில் கம்பகரேஸ்வரர் கோயில் பிராகாரத்தில் வேகவேகமாகப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கோயில். நிழலே ஒரு விருந்து. அங்கே திண்ணையில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர், "எந்த ஆபீஸ் சார்? சர்வேயா?" என்று கேட்டார். ஓய்வுபெற்றவன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை, எனக்கே நம்பிக்கையில்லை. முப்பத்திரண்டு ஆண்டு அலுவலகத்தில் எனக்கு மேலே ஓர் அதிகாரி இருந்தார். அவரை விட்டு வெளியே வந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது, அதற்குள் ஏழு மில்லிமீட்டரில் ஓர் அதிகாரியை நானே நியமித்து, அவருக்கு மாதாந்திர அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜூலையிலிருந்து ஒரு கல்வெட்டைக்கூட முழுதாகப் படிக்கவில்லை என்பது அந்தத் திண்ணையில்தான் தெரிந்தது. கைபேசியில் 1,100 படங்கள் இருந்தன.

அன்றே மனம் திருந்தி நோட்டைக் கிழித்துப் போட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கிழிக்கவில்லை. அச்சம் அப்படியெல்லாம் ஒரே நாளில் போகிற சரக்கு அன்று. இரவு இரண்டு மணிக்கு விழித்து, இருமல் வருகிறதா என்று இருமிப் பார்ப்பது, குளியலறைக் கண்ணாடியில் எடை குறைந்த முகத்தைத் தேடுவது, மகளின் திருமணச் செலவுக்கு விருப்ப ஓய்வுத் தொகையில் எவ்வளவு நிற்கும் என்று படுக்கையிலேயே பெருக்கிப் பார்ப்பது எல்லாம் தொடர்ந்தன. நான் செய்தது ஒன்றே: ஸ்கூட்டர் சாவியை மகனிடம் திருப்பிக் கொடுத்தேன். சைக்கிளில் போனால் ஒரு நாளில் ஒரு கோயிலுக்கு மேல் முடியாது.

நவம்பர் வந்தது. அந்த ஆண்டு மழை பேய்மழை. இந்தமுறை வேறொரு மையத்தில் எடுத்தோம், அறிக்கை 8.2 மி.மீ. என்றது. மையத்தின் படிக்கட்டிலேயே மனைவி உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. தெருவில் போன பேருந்தின் வாய் மட்டும் திறந்து மூடுவது போலிருந்தது. அன்று மாலை மருத்துவர் இரண்டு குறுந்தகடுகளையும் கணினியில் அருகருகே போட்டார். முதல் ஸ்கேன் கொரோனாவுக்காக அவசரமாக எடுத்தது, ஒவ்வொரு துண்டும் ஐந்து மில்லிமீட்டர் தடிமன். இரண்டாவதில் துண்டு ஒரு மில்லிமீட்டர். தடித்த துண்டில் சிறிய புள்ளியின் விளிம்பு மங்கிப்போகும். போதாததற்கு, முதல் அறிக்கையில் நீளத்தையும் அகலத்தையும் சராசரி எடுத்திருந்தார்கள். இரண்டாவதில் நீளத்தை மட்டும் எழுதியிருந்தார்கள். அவரே இரண்டையும் ஒரே முறையில் அளந்து, "ஏழு, ஏழே கால். இந்த அளவு வித்தியாசம் அளக்கிற கைக்கே வரும் ஐயா" என்றார். விட்டம் ஏழிலிருந்து ஏறத்தாழ 8.8 ஆனால்தான் கன அளவு இரட்டிப்பு என்பதையும், இப்படிப்பட்ட திடமான புற்று பெரும்பாலும் ஓராண்டுக்குள் அப்படி இரட்டிப்பாகிவிடும் என்பதையும் காகிதத்தில் உருண்டை வரைந்து காட்டினார். கேபிளின் மின்காப்பை அளக்கும் மெகர் கருவிகள் இரண்டு ஒரே எண்ணைக் காட்டி நான் பார்த்ததில்லை. ஒரு கேபிளை அளந்த கருவியைக் குறிக்காமல் அளவை மட்டும் குறிக்கிறவனை நான் பணியில் எத்தனை முறை கடிந்திருக்கிறேன்! என் சொந்த அளவுக்கு மட்டும் அந்த அறிவு படிக்கட்டில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

எதற்கும் மூன்று மாதம் கழித்து இன்னொன்று, அதே கருவியில், அதே துண்டில் எடுப்போம் என்றார். கிளம்பும்போது, சிறுவயதில் வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று ஏதோ நினைவு வந்தவராய்க் கேட்டார். அப்பாவை எனக்கு ஆறு வயதில் செங்கிப்பட்டி சானடோரியத்தில் வைத்திருந்தார்கள். அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூரில் பேருந்து மாறிப் போவாள். மரங்களுக்கிடையே நீளமான வார்டுகள், வெளியே வராந்தாவில் கட்டில், என்னைக் கிட்டே விடாமல் தூரத்திலிருந்தே கையசைக்கும் அப்பா. ஊசி போட்டுப் போட்டுக் காது மந்தமாகி வீடு திரும்பினார். பிறகு முப்பதாண்டுகள் இருந்தார். இதை ஜூனிலேயே ஏன் சொல்லவில்லை என்று மருத்துவர் கேட்டார். எங்கள் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அதனால் அது ஒரு தகவல் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வரும் வழியில் பசுபதிகோயிலில் இறங்கிவிடலாமா என்று மனைவிதான் கேட்டாள். புள்ளமங்கைக் கோயில் அங்கிருந்து நடக்கிற தூரம். முதலாம் பராந்தகன் காலத்து வேலைப்பாடு. உள்ளங்கை அகலக் கல்லில் இராமாயணக் காட்சிகள். மழை விட்டிருந்தது, கோயிலைச் சுற்றி எங்கும் நீர். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் அடித்தளத்தில் ஒரு விளக்குக் கணக்கை எழுத்துக்கூட்டினேன். சாவா மூவாப் பேராடு என்று வந்ததும் நிறுத்திவிட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஆடுகளைப் பற்றி என்றேன். முழுதாகச் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். "அப்போது சாகிற ஆட்டுக்கு யாரும் கணக்கு எழுதவில்லையா?" என்று கேட்டாள். எழுதியதாக நான் எங்கும் படிக்கவில்லை. இன்றுவரை தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

2022 பிப்ரவரி ஸ்கேனில் மாற்றமில்லை. கடைசி ஸ்கேன் 2023 ஜூனில். இடைப்பட்ட பதினாறு மாதங்களைப் பற்றி எழுத அதிகமில்லை, அவை நன்றாக இருந்தன என்பதே காரணம். 2022இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12க்குக் காத்திராமல் மே 24 அன்றே திறந்தார்கள். அரசலாற்றில் அவ்வளவு முன்னதாகத் தண்ணீர் வந்ததை நான் பார்த்ததில்லை, நாள்தோறும் போய்ப் பார்த்தேன். தாராசுரத்தில் கருவறையைச் சுற்றி அடித்தளத்தில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக, மேலே பெயர் வெட்டி இருக்கின்றன. ஒரு வருகைக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டு, முந்தைய நாள் அவர் கதையைப் படித்துவிட்டுப் போவேன். இடையில் மகளுக்குத் திருமணம் நடந்தது. ஸ்கேன் தேதி நாள்காட்டியில் இருந்தது. ஆனால் அது இப்போது மின்கட்டணத் தேதி போல ஒரு தேதி.

2023 ஜூனில் படத்தைப் பார்த்துவிட்டு மருத்துவர், "இரண்டு ஆண்டாக இருந்த இடத்திலேயே இருந்த அளவிலேயே இருக்கிறது. இனி இதற்காக நீங்கள் வர வேண்டாம் ஐயா" என்றார். தழும்பாகத்தான் இருக்க வேண்டும் என்றார். அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சொத்தாக இருக்கலாம். மனைவி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு மகிழ்ச்சிக்கு முன்னால் ஒரு சிறு வெறுமைதான் வந்தது. வெளியே வந்ததும் கடைக்குப் போய் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன், வெறுமை போய்விட்டது.

அவள் 2021 நவம்பரில், அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு வேண்டுதல் வைத்தாளாம். எனக்கு அறுபது நிறையும்போது திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி செய்துகொள்வதாக. காலனை உதைத்த இடத்தில் அறுபதாம் கல்யாணம் என்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. ஆனால் நாலு ஆண்டு அதை வாயில் போட்டுக்கொண்டு என்னிடம் சொல்லாமல் இருந்தாளே என்பதுதான் எனக்கு வியப்பு. சொன்னால் அதற்கும் ஒரு பட்டியல் போட்டுவிடுவீர்கள் என்கிறாள். நான் பிறந்த விசுவாவசு ஆண்டு சுற்றி வந்து இப்போது நடக்கிறது. என் நட்சத்திரம் வரும் நாளுக்கு முன்பதிவு செய்தாயிற்று. டீக்கடைத் தம்பியும் வருகிறார். கம்யூட்டேஷன் பணம் வந்ததும் தனக்கு விருந்து வேண்டும், லாபக் கணக்கில் அவர் சொன்னது பொய்த்துவிட்டதாம்.

திருக்கடையூர்ச் சுவர்களிலும் சோழர் கல்வெட்டுகள் உண்டு, நான் இன்னும் படிக்கவில்லை. முந்தைய நாளே போய்ச் சேர்ந்துவிடலாமே என்று நேற்று மெதுவாக ஆரம்பித்தேன். பட்டுப்புடவைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை. "வாருங்கள், போகலாம். கைவிளக்கு மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்" என்றாள். சைக்கிள் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். கைபேசியிலும் ஒரு விளக்கு இருக்கிறது, அது அவளுக்கு இன்னும் நினைவுக்கு வரவில்லை.